முதலில் பெடலை மாற்றுங்கள்

நிஜக் கார் போலவே ஓட்டும் வீடியோ கேம் பந்தயமான சிம் ரேஸிங்குக்கு ஸ்டியரிங், பெடல் இரண்டையும் ஒன்றாக மாற்றக் காசு போதாவிட்டால், முதலில் லோட் செல் (அழுத்தத்தை அளக்கும் சென்சர்) உள்ள பிரேக் பெடலை வாங்குங்கள். ஸ்டியரிங் பிறகு வரட்டும்.

லொஜிடெக் ஜி29 போன்ற செட்டுகளில் பிரேக் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதுதான் அளக்கப்படுகிறது. லோட் செல் அளப்பது நீங்கள் மிதிக்கும் பலத்தை. காலுக்குத் தூரத்தை விட அழுத்தம்தான் வடிவாக ஞாபகம் நிற்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பிரேக் பிடிக்கலாம். 2 நியூட்டன் மீட்டர் அளவு திருப்புவிசை தரும் ஸ்டியரிங்கை விட்டு 5 அல்லது 8 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவுக்கு (மோட்டரில் நேரே பூட்டிய ஸ்டியரிங்குக்கு) போனால் ரோட்டின் உணர்வு அருமையாக இருக்கும், உண்மைதான். ஆனால் சுற்று நேரம் குறைவது பெரும்பாலும் பிரேக்கில்.

யாழ்ப்பாணத்து மாபிள் நிலத்தில் லோட் செல் பெடலைப் பலமாக மிதித்தால் சில்லுக் கதிரை பின்னால் ஓடிவிடும். பெடல் பலகையையும் கதிரையின் நடுத்தண்டையும் நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள், இரண்டும் அசையாது.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது அப்படியே சரிவராது. தனி யூஎஸ்பி பெடலை அவை நேரே ஏற்காது, ஸ்டியரிங்கோடு பொருந்துகிற பெடலாகப் பார்க்க வேண்டும். டிரிப்ட் (காரைப் பக்கவாட்டில் சறுக்க விட்டு ஓடுவது) மட்டும் ஓடுபவர்களுக்கும் ஸ்டியரிங்தான் முதலில்.