பிளாட் வாங்குவோர் சதுர அடிக் கணக்கில் செய்யும் தவறுகள்

சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளாட் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" என்றுதான். எந்தச் சதுர அடி என்று கேட்பவர்கள் குறைவு. நஷ்டம் தொடங்குவது இங்கேதான்.

விளம்பரத்தில் போடும் 1,200 சதுர அடி பெரும்பாலும் சூப்பர் பில்டப் ஏரியா. மாடிப்படி, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றில் உங்கள் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். கட்டிலும் பீரோவும் போடக்கூடிய இடம் கார்பெட் ஏரியா. 2016ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது.

ஒரு பிளாட் 1,200 சதுர அடி, ரேட் 6,000, விலை 72 லட்சம். கார்பெட் ஏரியா 840தான். இன்னொன்று 1,100 சதுர அடி, ரேட் 6,300, விலை 69.3 லட்சம், கார்பெட் ஏரியா 850. ரேட்டை மட்டும் பார்த்தால் முதல் வீடு மலிவு. விலையைக் கார்பெட் ஏரியாவால் வகுத்துப் பாருங்கள்: முதலாவது சுமார் 8,570 ரூபாய், இரண்டாவது சுமார் 8,150.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது: யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கைப் பார்க்காமல் விடுவது. கட்டடம் பழசாகும், மதிப்பு ஏறுவது நிலத்துக்குத்தான். நாளைக்கு இடித்துக் கட்டும்போது பேச்சுவார்த்தையில் எடுபடுவதும் இந்தப் பங்குதான். 2 கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் 8 வீடுகள் என்றால், ஒரு வீட்டுக்கு 600 வர வேண்டும். பத்திரத்தில் 450 என்று இருந்தால் மீதி 150 யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

கார் பார்க்கிங்கிலும் கவனம் தேவை. திறந்தவெளி பார்க்கிங் ரெரா சட்டப்படி பொது இடம். அதைத் தனியாக விலைபேசி வாங்காதீர்கள்.

அப்புறம், வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடக் கூடாது. பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ குடும்பத் தகராறோ அதில் தெரியாது. நிலத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு ரெரா சட்டம் இடம் தரவில்லை. "ஞாயிற்றுக்கிழமையோடு ஆஃபர் முடிகிறது" என்று அவசரப்படுத்தினாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.