ஹோம்ஸ்டே வச்சிருக்கீங்களா? புக்கிங்கையும் கெஸ்ட் கேள்வியையும் வாட்ஸ்அப் பிசினஸ்ல ஒழுங்கா பாக்குற வழி

கொடைக்கானல்ல வில்பட்டி பக்கம் ரெண்டு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறோம். ஒரு மே சீசன்ல ஒரே ரூமை ரெண்டு பேருக்கு சொல்லிட்டோம், நான் போன்ல ஒருத்தருக்கு, வீட்டுக்காரர் வாட்ஸ்அப்ல இன்னொருத்தருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு கைக்குழந்தையோட ஒரு குடும்பம் பனியில வாசல்ல வந்து நிக்குது. நாங்க படுக்குற ரூமை காலி பண்ணிக் குடுத்தோம், ஆனா அந்தம்மா முகம் வாடினது இன்னும் கண்ணுலயே இருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா மாத்தினதைத்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல ஆப்பை தொடாதீங்க. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு வாரத்துக்கு யாரு என்ன கேட்டாலும் அப்படியே எழுதுங்க. எங்க நோட்டுல திரும்பத் திரும்ப வந்தது இதுதான்: சுடுதண்ணி வருமா, இ-பாஸ் (மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்குற அனுமதி) வேணுமா, கார் வாசல் வரைக்கும் வருமா, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி ஆட்டோல வந்துரலாமா. பாவம், பேரை நம்பி டிக்கெட் போட்டுடுறாங்க, அது அடிவாரத்துல இருக்கு, அங்கருந்து வத்தலக்குண்டு வழியா மலை ஏறி வர இன்னும் 80 கிலோமீட்டர் கிட்ட இருக்கு.

அடுத்து தொழிலுக்குன்னு தனி சிம் போட்டு வாட்ஸ்அப் பிசினஸ் இறக்குங்க. ஒரே நம்பரை சாதா வாட்ஸ்அப்லயும் இதுலயும் சேத்து வச்சுக்க முடியாது, அதனால தனி நம்பர்தான் நிம்மதி. புரொஃபைல்ல லொகேஷன், போன் எடுக்குற நேரம், வாசல் போட்டோ போடுங்க. வெயில்ல எடுத்த போட்டோ மட்டும் வேணாம், பனி மூடின போட்டோவும் ஒண்ணு இருக்கட்டும், வர்றவங்க எதைப் பாக்கப் போறாங்கன்னு முன்னாடியே தெரியணும்.

இப்ப நோட்டை எடுங்க. பிசினஸ் டூல்ஸ்ல குயிக் ரிப்ளைன்னு இருக்கும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் எழுதி சின்னப் பேரு வச்சுட்டா அப்புறம் சாட்ல சாய்கோடு போட்டதும் பட்டியல் வந்துரும், தொட்டா போதும். "இ-பாஸ் கட்டாயம், ஆன்லைன்லயே போட்டுக்கலாம், 2024 மே 7ல இருந்து இருக்கு, அஞ்சு லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க" இது ஒண்ணு. "குறிஞ்சி 2018ல பூத்துச்சு, அடுத்து 2030ல" இது இன்னொண்ணு, வருஷா வருஷம் கேக்குறாங்க. சுடுதண்ணி காலையில ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும்தான்னா அப்படியே எழுதுங்க, "24 மணி நேரமும்"னு போட்டு ரூமை நிரப்புறதுல எனக்கு இஷ்டமே இல்ல, குளிர்ல நடுங்குற ஆளு திரும்ப வரமாட்டாரு.

அவே மெசேஜும் (நாம போனைப் பாக்க முடியாத நேரத்துல தானா போற பதில்) போட்டு வைங்க. ராத்திரி கேக்குற கெஸ்டுக்கு பதிலே வரலன்னா, நாம எழுந்து பாக்குறதுக்குள்ள வேற இடம் பாத்துடுவாங்க; ஆனா நம்ம போன்ல நெட் இருந்தாத்தான் இது போகும். "காலை ஏழு மணிக்குள்ள கண்டிப்பா பதில் சொல்றோம்"னு போடுங்க, சொன்ன நேரத்துக்கு சொல்லியும் ஆகணும்.

ஒவ்வொரு சாட்டுக்கும் ஒட்டி வைக்கிற லேபிள் மூணு போதும்: கேட்டிருக்காங்க, முன்பணம் பாக்கி, முன்பணம் வந்தாச்சு. இதைவிட முக்கியம் சுவத்துல மாட்டுற காலண்டர், தினக் காலண்டர் இல்ல, மாசக் காலண்டர். முன்பணம் வந்த நிமிஷமே தேதியில ரூம் நம்பரும் பேரும் எழுதுங்க, போன்ல கேட்டாலும் சரி நேர்ல வந்தாலும் சரி, காலண்டரைப் பாக்காம "ரூம் இருக்கு"ங்கற வார்த்தை வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. எங்க மாமியார் வரைக்கும் இந்தச் சட்டம் உண்டு.

வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மெசேஜ்: லொகேஷன், இ-பாஸ் எடுத்தாச்சான்னு ஒரு கேள்வி, ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, இருட்டுறதுக்குள்ள மலை ஏறிருங்க. கிளம்பிப் போன மறுநாள் "அக்கா கேக்குறேன், எது சரியில்ல?"ன்னு கேளுங்க. நல்லாருந்துச்சான்னு கேட்டா எல்லாரும் நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. இப்படிக் கேட்டப்புறம்தான் ஒரு தாத்தா பாத்ரூம் படியில லைட் இல்லன்னு சொன்னாரு, அன்னைக்கே மாட்டிட்டோம்.