மேசை மேல் மின் இரயில்: முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள்

பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தை, செம்பனையும் லயத்து வீடுகளும் இடிஎஸ் எனும் மின் இரயிலுமாகச் சிறு உருவில் மேசை மேல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரயிலைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அதோடு பெட்டியில் வந்த தண்டவாளத்தை அப்படியே விரித்து, மேலே கம்பி கட்டிவிடுகிறார்கள். வேலை முடிந்த பிறகு பார்த்தால் ஊர் நம்முடையது, பாதை ஜெர்மனியுடையது. தவறுகளில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மலேசிய இரயில்வேயான கேடிஎம் பாதையின் அகலம் 1000 மி.மீ. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எச்ஓ அளவு, அதாவது 1:87 (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் சீனாவிலும் உள்ள ‘ஸ்டாண்டர்ட்’ பாதையின் அகலம் அது. அதன் மேல் நம் இடிஎஸ் பெட்டியை வைத்தால் கால் அகட்டி நிற்பது போலத் தெரியும். எவ்வளவு அழகாகச் சாயம் பூசினாலும் அது மறையாது. 1:87இல் நமக்கு வேண்டியது 12 மி.மீ. அகலத் தண்டவாளம். எச்ஓஎம் என்று கேட்டால் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடத்தான். இடமும் பணமும் குறைவு என்றால் 1:120 அளவில் பெட்டிகளைச் செய்து, ஜப்பானின் ‘என்’ (N) வகைத் தண்டவாளத்தின் 9 மி.மீ. அகலத்தில் ஓட்டலாம். கணக்குப்படி அது 1080 மி.மீ.; கண்ணுக்கு உறுத்தாது.

12 மி.மீ. என்றதும் சிலர் டிடி வகைத் தண்டவாளத்தை வாங்கிவிடுகிறார்கள். அகலம் சரிதான், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகள் சரியில்லை. அவை 1:120க்காகச் செய்யப்பட்டவை, அதனால் நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். நிஜப் பாதையில் கட்டைக்குக் கட்டை சுமார் 60 செ.மீ. இடைவெளி இருக்கும். 1:87இல் அது கிட்டத்தட்ட 7 மி.மீ. வேறு வழியில்லை என்றால் அடியில் கட்டைகளை இணைக்கும் பிளாஸ்டிக்கை வெட்டி, ஒவ்வொன்றாக நகர்த்திப் பரப்புங்கள். பொறுமை வேண்டும், ஆனால் இந்த ஒரு வேலையிலேயே பாதையின் முகம் மாறிவிடும். நிறத்தையும் கவனியுங்கள். மின்மயமான இரட்டைப் பாதையில் இருப்பவை கான்கிரீட் கட்டைகள். பழுப்பு மரக் கட்டைகளை விட்டுவைத்தால் காலமே மாறிப்போகும்.

தண்டவாளத்தின் உயரமும் முக்கியம். கோட் 100 என்பது 2.54 மி.மீ. உயரம். 1:87இல் அது 22 செ.மீ. ஆகிறது. உலகின் கனமான தண்டவாளங்கள்கூட அவ்வளவு உயரம் இல்லை. கோட் 75 அல்லது 70 போதும். பக்கங்களுக்குத் துருப் பழுப்பு பூசி, மேற்பரப்பை மட்டும் பளபளப்பாக விடுங்கள். சரளைக் கல்லும் அப்படித்தான்: 5 செ.மீ. கல் 1:87இல் அரை மி.மீ.தான். ஆற்று மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்தால் ஏறக்குறைய அந்த அளவில் கிடைக்கும். கடையில் வாங்கும் பொட்டலங்களில் பல இதைவிடப் பெரிய கல்.

இனி இரயிலுக்கு மேலே மின்சாரம் கொண்டுவரும் கம்பி. இங்கே நடக்கும் பெரிய தவறு, வளைவில் கம்பியையும் வளைப்பது. இழுத்துக் கட்டிய கம்பி வளையாது. கம்பத்துக்குக் கம்பம் நேராகத்தான் போகும், கம்பத்தில் மட்டும் திசை மாறும். ஆகவே வளைவில் கம்பங்கள் நெருங்க வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: இடைவெளியை அதே எண்ணால் பெருக்கி, வளைவின் ஆரத்தை 8ஆல் பெருக்கி வருவதால் வகுங்கள். கம்பி நடுவில் பாதையிலிருந்து விலகும் தூரம் கிடைக்கும். ஆரம் 600 மி.மீ., இடைவெளி 350 மி.மீ. என்றால் விலகல் 25 மி.மீ. இரயிலின் கூரையில் நின்று கம்பியைத் தொடும் பாண்டோகிராபின் முழு அகலமே ஏறக்குறைய 20 மி.மீ.தான், கம்பி நழுவிக் கீழே மாட்டிக்கொள்ளும். இடைவெளியை 200 ஆக்கினால் விலகல் 8 மி.மீ.; கம்பத்தில் கம்பியை வெளிப்பக்கம் 4 மி.மீ. தள்ளிக் கட்டினால், நடுவில் உள்பக்கம் 4 மி.மீ. மட்டுமே வரும். பாண்டோகிராபுக்கு ஆபத்தில்லை.

நேர்ப்பாதையில் இதற்கு எதிர்த் தவறு நடக்கிறது: பாதையின் நட்ட நடுவில் நூல் பிடித்த மாதிரி கம்பி. நிஜத்தில் ஒரு கம்பத்தில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் என்று சுமார் 20 செ.மீ. மாறிமாறி இழுத்திருப்பார்கள். பாண்டோகிராபின் கார்பன் ஒரே இடத்தில் தேயாமல் இருக்க அந்த ஏற்பாடு. மாதிரியில் இது 2 மி.மீ. சொச்சம். செய்து பாருங்கள், கம்பி வரிசைக்கு உயிர் வந்துவிடும். நேர்ப்பாதையில் கம்பங்களுக்கு இடையே நிஜத்தில் 50, 60 மீட்டர் இருக்கும். மேசையில் அவ்வளவு தூரம் விட முடியாது, 35, 40 செ.மீ. ஆகக் குறைத்தால் பரவாயில்லை.

கம்பியின் தடிமனில் பலர் ஏமாறுகிறார்கள். நிஜத் தொடுகம்பி சுமார் 12 மி.மீ. தடிமன். 0.7 மி.மீ. கம்பி கட்டினால் அது 6 செ.மீ. தண்ணீர்க் குழாய் போலத் தொங்கும். 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பி நல்லது. அது மெல்லியது, அழுத்தம் தாங்காது. அதனால் பாண்டோகிராபைக் கம்பியில் முட்டவிடாமல், மெல்லிய நூலால் கட்டி ஒரு மயிரிழை கீழேயே நிறுத்திவிடுங்கள். மின்சாரம் தண்டவாளத்திலிருந்தே வரட்டும். கம்பியில் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

காலப்பிழையும் கவனிக்க வேண்டியது. கொமுட்டர் மின் இரயில் கிள்ளான் பள்ளத்தாக்கில் 1995இல் வந்தது. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இடிஎஸ் ஓடத் தொடங்கியது 2010இல். பாடாங் பெசார் வரை போனது 2015இல். 25 கிலோவோல்ட் கம்பிக்குக் கீழே நீராவி இஞ்சின் நிறுத்தினால் பேராக் தோட்டத்து மக்களுக்கு உடனே தெரிந்துவிடும். டீசல் இஞ்சின் சரக்கு இழுத்துப் போனால் தவறில்லை, இன்றும் அப்படித்தான் போகிறது.

எனக்கு மனம் வருந்துகிற ஒன்று இரயில்வே கேட். செம்பனைக் குலை ஏற்றிய லாரி கேட்டில் காத்திருக்கும் காட்சியைக் கைவிட யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் ஈப்போவுக்கு வடக்கே இரட்டைப் பாதை போட்டபோது கேட்டுகளை எடுத்து மேம்பாலமும் சுரங்கப் பாதையும் கட்டினார்கள். பாதையோரம் வேலியும் வந்தது. கேட் வேண்டுமானால் கம்பி இல்லாத பழைய ஒற்றைப் பாதையைக் கட்டுங்கள். கம்பி வேண்டுமானால் லாரியை மேம்பாலத்தில் ஏற்றுங்கள், கம்பிக்கு மேலே தடுப்புத் தகடும் வையுங்கள். செம்பனையையும் வேலியிலிருந்து தள்ளியே நடுங்கள், ஓலை கம்பியைத் தொடும் தூரத்தில் மரம் இருக்கக் கூடாது.

கடைசியாக, நம் ஈரக் காற்று. வார்னிஷ் அடிக்காத வெறும் பலகையில் பாதை போட்டால் மழைக்காலத்தில் பலகை உப்பி, தண்டவாள இணைப்புகள் கோணலாகும், இறுக்கிய கம்பியும் தளரும். நல்ல பிளைவுட்டில் நான்கு ஓரமும் அடிப்பக்கமும் சேர்த்து வார்னிஷ் அடித்துக் காயவிட்ட பிறகே முதல் தண்டவாளத்தை ஒட்டுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு முறை இணைப்பில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள், இணைப்புகளை வரிசையாகச் சாலிடர் செய்துவிடாதீர்கள்.