வளர்த்த வீடா, பெற்ற வீடா: பிள்ளை வழக்கில் கோட்டை விடும் இடங்கள்

திருநெல்வேலிப் பக்கம் அக்காவுக்குப் பிள்ளை இல்லையென்றால் தங்கச்சி தன் இரண்டாவது பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பது இன்றும் உண்டு. "நமக்குள்ள எதுக்குப் பத்திரம்" என்று அன்றைக்குச் சொன்னவர்களே, சொத்துத் தகராறோ கல்யாண வீட்டு மனக்கசப்போ வந்ததும் "எம் பிள்ளையத் தா" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். நடுவில் கிடந்து தவிப்பது பிள்ளை.

எடுத்து வளர்ப்பது வேறு, சட்டப்படி தத்தெடுப்பது வேறு. இதைக் குழப்பிக்கொள்வதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். தாய் புற்றுநோயில் இறந்தபின் தாய்வழி உறவினர்கள் வளர்த்த குழந்தையை, 2019-ல் உச்ச நீதிமன்றம் தகப்பனிடமே சேர்த்தது; வளர்த்தவர்களுக்குக் கிடைத்தது பார்த்துவரும் உரிமை.

அடுத்தது 20 ரூபாய் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்து. அது தத்து ஆகாது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, பெற்றவர் பிள்ளையைக் கையில் கொடுக்க, எடுப்பவர் வாங்க வேண்டும், ஹோமம் கட்டாயமில்லை. வழக்கம் இருந்தாலொழிய பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஆண் பிள்ளை எடுக்கும் வீட்டில் மகனோ மகன் வழிப் பேரனோ இருக்கக் கூடாது. பெண் பிள்ளை என்றால் மகளோ மகனின் மகளோ இருக்கக் கூடாது. ஆண் பெண்பிள்ளையை எடுத்தாலும், பெண் ஆண்பிள்ளையை எடுத்தாலும் 21 வயது இடைவெளி வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், பதிவு செய்த பத்திரம்கூடக் காப்பாற்றாது.

எல்லாம் சரியாக இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்டுப் பதிந்த பத்திரத்துக்குத் தனி பலம் உண்டு: பொய்யென்று எதிர்த்தரப்பு நிரூபிக்கும்வரை நீதிமன்றம் அதை நம்பும். அடிக்கடி ஓட்டை விழுவது தகப்பன் சம்மதத்தில். துபாயில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் "சரி" என்று சொன்னதை ஐந்து வருடம் கழித்து நிரூபிப்பது பெரும்பாடு. அவர் லீவில் வரும்வரை காத்திருங்கள். மடியில் பிள்ளையை வைக்கும் அந்த நிமிடத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் இதே பத்திரத்தை எழுதி ஏமாறுகின்றன. அவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்தான் வழி. சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி ஆகியோர் உறவினர் தத்தாக எடுக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

பிரசவத்தின்போதே ஆஸ்பத்திரியில் வளர்ப்பவர் பெயரைத் தாய் என்று எழுதவைப்பது பொய்ப்பதிவு. டிஎன்ஏ சோதனை வந்தால் உங்கள் தரப்பு மொத்தமும் நம்பிக்கை இழக்கும். "ஆஸ்பத்திரிச் செலவுக்கு" என்று பிள்ளைக்குப் பதிலாகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குழந்தை விற்பனை என்று ஆனால் ஐந்து வருடம்வரை சிறை.

பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: முறைப்படி நடந்த தத்தை ரத்துசெய்ய முடியாது. பிள்ளையை அரசின் குழந்தைகள் நலக் குழுவில் ஒப்படைத்திருந்தால், மனம் மாற இரண்டு மாதம் மட்டுமே.

தகராறு வந்தபின் பள்ளிக்கூட வாசலிலிருந்து பிள்ளையைத் தூக்கிப் போகாதீர்கள். அப்படிச் செய்தவர் பக்கம் நியாயமே இருந்தாலும் நீதிபதி முன் தலைகுனிய நேரும். கட்டப்பஞ்சாயத்தில் எழுதும் காகிதம் காவல் நிலையத்திலும் செல்லாது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மனுப் போடுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (பிள்ளையை நீதிபதி முன் கொண்டுவரக் கேட்கும் மனு) வேகமானது. ஆனால் தத்து நடந்ததா இல்லையா என்று சாட்சி விசாரிக்க வேண்டிய வழக்கு பெரும்பாலும் கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பிவிடும்.

விவரம் புரியும் வயதுப் பிள்ளையிடம் நீதிபதி தனியே பேசக்கூடும். சொல்லிக்கொடுத்த பதிலை அவர் உடனே கண்டுகொள்வார். அதைவிட உதவுவது தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, காய்ச்சலில் யார் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று காட்டும் ஓபி சீட்டு. இவற்றைத் தேதிவாரியாகக் கோப்பில் போடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.