பாப் டெஸ்ட்டுக்குப் போகத் தயங்குற மும்பை பொண்ணுங்களுக்கு

சயான், மாட்டுங்கா, தாராவி பக்கம் நம்ம பொண்ணுங்க கிட்ட கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட்னு (பாப் டெஸ்ட் அதுல ஒண்ணு) பேச்சை எடுத்தா, நோயை விட தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துடுவாங்களோங்கற பயம்தான் பெருசா இருக்கு. 2019-21 தேசிய குடும்பநல சர்வேல 30லேருந்து 49 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 1.9 சதவீதம் பேர்தான் ஒரு தடவையாவது இத பண்ணிருக்காங்க. இங்கிலாந்துல 25 வயசு நெருங்கறப்பவே டெஸ்ட்டுக்கு அழைப்பு வந்துடும், அப்படியும் அங்க சின்ன பொண்ணுங்க தள்ளிப்போடத்தான் செய்றாங்க, அதனால கூச்சம் நமக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவுல 2022லேருந்து சாம்பிளை நீங்களே எடுத்துக் குடுக்கலாம். இங்க நாமளாத்தான் கிளம்பணும்.

உடலுறவு இருந்திருந்தா, கல்யாணம் ஆகலைன்னாலும், பொதுவா 25 வயசுலேருந்து 3 வருஷத்துக்கு ஒரு பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாய்லேருந்து செல்களை எடுத்துப் பாக்குற பாப் டெஸ்ட். 30 தாண்டிட்டா எச்பிவி டெஸ்ட் (இந்த புற்றுநோயை வரவைக்கிற வைரஸ் இருக்கான்னு பாக்குறது), நார்மல்னா 5 வருஷம் கழிச்சு போனா போதும். எச்பிவி தடுப்பூசி போட்டவங்களும் போகணும், அது எல்லா வகை எச்பிவி வைரஸையும் தடுக்காது.

பீரியட்ஸ் இல்லாத நாளா பாத்து போங்க, முந்தின ரெண்டு நாள் உறவு வேண்டாம், உள்ள வைக்கிற மாத்திரை க்ரீமும் வேண்டாம். ரிசப்ஷன்ல கூசாம "லேடி டாக்டர் மிலேகி க்யா"ன்னு கேட்டுடுங்க. அம்மாவோ மாமியாரோ கூட வந்திருந்தா டாக்டர் கிட்ட தனியா பேசணும்னு சொல்லுங்க, ஏன்னா "மேரிட்?"னு கேக்குறப்ப, உடலுறவு இருந்திருக்கான்னுதான் அதுக்கு அர்த்தம், உண்மைய சொன்னாதான் சரியான டெஸ்ட் நடக்கும். உள்ள ஸ்பெகுலம்னு வாத்து மூக்கு மாதிரி ஒண்ணு வெச்சு சின்ன பிரஷ்ஷால லேசா தடவி எடுப்பாங்க, சில நிமிஷம்தான். சின்ன சைஸ் ஸ்பெகுலம் கேளுங்க, வலிச்சா நிறுத்தச் சொல்லுங்க, அது உங்க உரிமை.

காசு இல்லைன்னு விட்டுடாதீங்க, வினிகர்ல இருக்குற அசிட்டிக் ஆசிட்டை தடவி வெறும் கண்ணால பாக்குற டெஸ்ட்டும் இருக்கு. டாட்டா மெமோரியல்காரங்க இதே மும்பை குடிசைப் பகுதிகள்ல வருஷக்கணக்கா அத பண்ணி சாவு 31 சதவீதம் குறைஞ்சதா 2013ல சொன்னாங்க. அரசு ஆஸ்பத்திரில 30 வயசுக்கு மேல உள்ளவங்க இத கேட்டுப் பாக்கலாம்.

எச்பிவி பாசிட்டிவ்னு வந்தா கேன்சர்னு அர்த்தம் இல்ல, முக்காவாசி பேருக்கு தானா போயிடும், ஆனா கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயை லென்ஸ் வெச்சு பெருசாக்கிப் பாக்குறது) வரச்சொன்னா கண்டிப்பா போயிடுங்க. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, வாடகை வீடு மாறுறப்ப பேப்பர் எல்லாம் தொலைஞ்சுடும்.