சைட்டில் பிரித்துப் பார்க்கும்படி ஸ்பெசிபிகேஷன் எழுத

நான் எழுதிக் கொடுக்கும் கட்டட ஸ்பெசிபிகேஷனை (எதை, எந்த அளவில், எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு) சைட்டில் எப்படிப் படிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நான் போய்ப் பார்த்ததே இல்லை. ஒரு தடவை போனபோது பில்லர் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கவர் பிளாக் (கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் நடுவில் இடைவெளி விட வைக்கும் கட்டை; அந்த இடைவெளிதான் கவர்) எல்லாம் 25 மி.மீ. “யாருங்க இப்படிச் சொன்னது?” என்றேன். மேஸ்திரி என் ஃபைலையே நீட்டினார். 6ஆம் பக்கத்தில் பில்லருக்கு 40 என்று எழுதியிருந்தேன். 19ஆம் பக்கத்துப் பொதுக் குறிப்பில், பழைய வேலையிலிருந்து வெட்டி ஒட்டியது, “எல்லா இடத்திலும் 25”. அவர்மேல் என்ன தப்பு?

அதிலிருந்து ஒரு அளவை ஒரே இடத்தில்தான் எழுதுகிறேன். மற்ற இடங்களில் “4.2 பார்க்க” என்று பத்தி எண் மட்டும். பக்க எண் வேண்டாம், ஒரு திருத்தம் வந்தாலே நகர்ந்துவிடும். பத்தி எண் இருந்தால் போனிலேயே “நாலு புள்ளி ரெண்டைப் பாருங்க” என்று முடித்துவிடலாம்.

அப்புறம், “ஐ.எஸ். 456 படி க்யூரிங் செய்யவும்” என்று எழுதித் தப்பிக்காதீர்கள். க்யூரிங் என்றால் போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. ஐ.எஸ். 456 கான்கிரீட்டுக்கான இந்திய விதிப் புத்தகம்; அது சைட்டில் இருக்காது. பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்கு அதில் குறைந்தது 10 நாள் என்றும், 14 நாள் வரை நீட்டலாம் என்று பரிந்துரையும் இருக்கிறது. இரண்டையும் எழுதினால் நடப்பது 10தான். அதனால் நான் இப்படி எழுதுகிறேன்: “ரூஃபில் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். பொறுப்பு: மேஸ்திரி.” விதி எண் 13.5.1 கன்சல்டன்டுக்காக ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தால் போதும். “வேண்டும்” என்பதைக் கட்டாயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விருப்பம்போல் செய்யலாம் என்றால் “நல்லது” என்று போடுங்கள்.

“போதுமான”, “தகுந்த”, “தேவைப்படும் அளவு” எல்லாவற்றையும் தேடிப் பிடித்து அடியுங்கள். “போதுமான நாள் கழித்து முட்டு பிரிக்கவும்” என்றால் மேஸ்திரிக்கு அது அடுத்த சைட்டுக்குப் பலகை தேவைப்படும் நாள். ஸ்லாபைத் தாங்கும் முட்டுக்கு, ஸ்பேன் (தாங்கும் இரண்டு பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம்) 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று எழுதுங்கள். இந்தக் கணக்கு ஓபிசி (எதுவும் கலக்காத சாதாரண) சிமெண்டுக்கு என்பதையும் அதே வரியிலேயே சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

திருத்தம் செய்தால் தேதியோடு முதல் பக்கத்திலேயே என்ன மாறியது என்று எழுதுங்கள். கவர், க்யூரிங், முட்டு மூன்றையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, லேமினேட் பண்ணி சிமெண்ட் ஷெட் கதவில் மாட்டுங்கள். ஃபைல் எப்படியும் என்ஜினியர் பைக் பெட்டியில்தான் இருக்கும்.

கொடுப்பதற்கு முன்னால், கம்பி கட்டுபவரிடம் நீட்டி “பில்லர் கவர் எவ்வளவுண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் மூன்றாவது பக்கம் புரட்டினால் வாங்கிக்கொண்டு வந்து திருப்பி எழுதுங்கள்.