ஆள் கணக்கு வேண்டாம், இலைக் கணக்கு கேளுங்கள்

தங்கை திருமணத்துக்குச் சென்னை ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை அச்சடித்தபோது பதில் அட்டையும் சேர்த்தோம். ‘எத்தனை பேர் வருவீர்கள்?’ என்பதற்குப் பலரும் ‘குடும்பத்துடன்’ என்றே எழுதியிருந்தார்கள். தண்டையார்பேட்டை மாமாவுக்கு அது நான்கு பேரா, பதினான்கு பேரா? தொலைபேசியில் கேட்டால், “நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கணக்கு என்னம்மா?” என்று கோபம். பெயர்களை எழுதச் சொன்னதும் பலிக்கவில்லை.

சமையல்காரர்தான் வழி சொன்னார்: அவருக்கு வேண்டியது வேளைக்கு எத்தனை இலை என்பதுதான். மாலை வரவேற்பு, காலை டிபன், மதியச் சாப்பாடு என்று மூன்று கட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அன்றிரவே எண்கள் வந்து குவிந்தன. வரவேற்பிலேயே மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்; மதியக் கட்டம் பாதிக்குமேல் காலி.

மடியில் உட்காரும் குழந்தைக்கு இலை கணக்கில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதைக் கேட்டுத்தான் எங்களுக்கு அத்தனை தொலைபேசி அழைப்புகள்.